ஹார்வி லேன் சபையும் நமது சங்கமும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இப்பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் லெஸ்டர் நகரில் நமது சங்கம் ஆற்றிய பணிகளை விதிமுறைப்படி உங்கள் முன் வைக்கிறேன்.

தைப்பொங்கல் விழா வழக்கம்போல் நடைபெற்றது. கோடைக்கால ஒன்றுகூடல் மழை காரணமாக மண்டபத்துக்குள் நடத்தப்பட்டது. சிறுவர் தமிழ் வகுப்பு தடையின்றி நடந்து வருகிறது. இவ்வாண்டு மறைந்த மூத்த உறுப்பினருக்கு இரங்கல் கூட்டம் நடத்தப்பட்டது. செயற்குழு விதிப்படி கூடியது.

சென்ற பொதுக்குழுவில், நாம் வாழும் இந்நகரத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் வாசிப்பது என்று தீர்மானித்தோம். ஹார்வி லேன் பாப்டிஸ்ட் சபையையும் அதன் போதகர்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் முன்மொழிந்தேன், பெரும்பான்மையினர் ஏற்றனர். ஆனால் தீர்மானம் நிறைவேறிய பிறகு, கூட்டத்திற்கு வெளியே, கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினருடைய சிறு சபையின் கதை எல்லாச் சமயத்தவரும் சேர்ந்திருக்கும் தமிழ்ச் சங்கத்துக்கு எதற்கு என்ற கேள்வி எழுந்து, ஆண்டு முழுவதும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆகவே இந்தப் பணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள் சட்டப்படி இரண்டாந்தரக் குடிமக்களாகவே இருந்தனர். அரசுப் பதவிகளுக்கும் நகராட்சிப் பதவிகளுக்கும் அவர்களைத் தடுத்த சட்டங்கள் 1828இல்தான் நீக்கப்பட்டன. 1836ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் வரும்வரை அவர்கள் தங்கள் ஆலயத்தில் சட்டப்படி செல்லும் திருமணம்கூட நடத்த முடியவில்லை. ஹார்வி லேன் சபையாரும் அவர்களுள் அடங்குவர். அப்படிப்பட்ட நெசவாளரும் செருப்புத் தைப்பவரும் சிறு கடைக்காரரும், அரசின் உதவியோ செல்வரின் ஆதரவோ இல்லாமல், தங்கள் கைக்காசைப் போட்டு ஓர் அமைப்பை நடத்தி, தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, உறுப்பினர் பதிவேட்டைத் தாங்களே காத்து வந்தார்கள். வந்த ஊரில் வாடகை அறையில் கூடி, சந்தாவில் உயிர்வாழும் நமக்கு இதைவிட நெருக்கமான வரலாறு எது என்று கேட்டவர்களை நான் பணிவுடன் திருப்பிக் கேட்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சபையின் போதகராயிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட வில்லியம் கேரி வங்காளத்தின் செராம்பூரில் நிறுவிய அச்சகத்தில்தான் தமிழ்ப் புதிய ஏற்பாடும் ஒருகாலத்தில் அச்சாயிற்று. எனவே தமிழுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதும் சரியன்று.

வில்லியம் கேரி 1789இல் நார்த்தாம்டன்ஷயரின் மோல்டன் என்ற சிற்றூர்ச் சபையிலிருந்து இங்கு வந்தார். மோல்டனில் அவர் பெற்ற ஊதியம் குடும்பத்துக்குப் போதாததால் பள்ளி நடத்தியும் செருப்புத் தைத்தும் பிழைத்தார். ஹார்வி லேனுக்கு வந்தும் வறுமை தீரவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை சபைக்குள்ளேயே இருந்தது. பொறுப்பிலிருந்தவர்களின் ஒழுக்கக் கேடு, கட்சி பிரிந்த சச்சரவு, கிருபை கிடைத்துவிட்டால் நடத்தையைப் பற்றிக் கவலையில்லை என்ற போதனையின் செல்வாக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து சபையை நிலைகுலைத்திருந்தன. கேரி கண்டித்துப் பார்த்தார், பயனில்லை. 1790இல் அவர் முன்வைத்த தீர்வு, இருக்கும் சபையை அப்படியே கலைத்துவிட்டு, ஓர் உடன்படிக்கையை எழுதி, அதன்படி நடப்போம் என்று உறுதிகூறுபவர்களை மட்டும் கொண்டு மீண்டும் சபையை அமைப்பது என்பதாகும். பெயர்கள் குறைந்தன. பெயர் குறைந்தால் சபை அழிந்துவிடும் என்று அஞ்சியிருந்தால், கேரி அதைச் செய்திருக்க முடியாது. சபை அழியவில்லை; அதன் பின்னரே அது வளரத் தொடங்கியது. கேரியின் வாழ்க்கையைப் பேசுவோர் பலரும் இந்தியாவுக்குக் கப்பலேறிய காட்சியிலிருந்து தொடங்குவார்கள். என் கருத்தில் அவர் செய்த முதல் துணிச்சலான செயல் இந்நகரில், ஒரு சிறு அறையில், ஓர் உறுப்பினர் பதிவேட்டின்மீது செய்யப்பட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் கேரி தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தை நாம் ஒரு முழு மாலை வாசித்தோம். திங்கட்கிழமை மொழிகள், செவ்வாய்க்கிழமை அறிவியலும் வரலாறும், புதன்கிழமை திருவெளிப்பாடு நூல்மீது சொற்பொழிவு, வியாழக்கிழமை நண்பர் சந்திப்பு, வெள்ளியும் சனியும் ஞாயிறு ஆராதனைக்கான ஆயத்தம் என்று வாரத்தைப் பகுத்துச் சொல்கிறார். பள்ளி காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, குளிர்காலத்தில் மாலை நான்கு மணி வரையும் கோடையில் ஐந்து மணி வரையும் நடக்கும் என்கிறார். அதே கடிதத்தில், அரசுத் திருச்சபையைச் சேராதவர்களின் குழுவுக்கு ஓராண்டாகச் செயலாளராகப் பணியாற்றி வருவதையும், அப்பொறுப்பு இனி முறைப்படி ஊதியத்துடன் தமக்கு வழங்கப்படவிருப்பதையும் குறிப்பிடுகிறார். பின்னாளில் மொழிபெயர்ப்பாளராக உலகம் அறிந்தவர், இங்கே கூட்ட அறிவிப்பு எழுதி, வருகையைப் பதிந்து, பதில் வராத கடிதங்களுக்கு நினைவூட்டல் அனுப்பியவராகவே இருந்திருப்பார். அந்தப் பணியின் பாரம் எனக்கு நன்கு தெரியும்.

1792இல் இந்நகரிலேயே, ஆன் அயர்லாந்து என்ற பெண்மணியின் அச்சகத்தில், கேரியின் 87 பக்க நூல் அச்சாயிற்று. பிற நாடுகளுக்கு நற்செய்தி கொண்டுசெல்வது திருச்சபையின் கடமையா என்பதே அதன் கேள்வி. நாடு நாடாக மக்கள்தொகையையும் சமயத்தையும் பட்டியலிட்ட பிறகு, நூலின் முடிவில் அவர் பணத்துக்கு வருகிறார். ஒவ்வொரு சபையாரும் வாரத்துக்கு ஒரு பென்னியோ அதற்கு மேலோ அவரவர் வசதிப்படி செலுத்தி ஒரு நிதியைச் சேர்க்கலாம் என்கிறார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையைக் கைவிட்ட குடும்பங்கள் அதில் மிச்சமாகும் காசைக்கூட இதற்குக் கொடுக்கலாம் என்றும் எழுதுகிறார். பெரும் வள்ளல் ஒருவரைத் தேடிப் போகச் சொல்லாமல், எல்லோரும் தவறாமல் கொடுக்கும் சிறு தொகையின்மேல் அவர் திட்டத்தைக் கட்டினார் என்பதை உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங்கில் விதவை வாலிஸ் அம்மையார் வீட்டின் பின்னறையில் சிலர் கூடி, அயல்நாடுகளுக்கு நற்செய்தி கொண்டுசெல்லச் சங்கம் ஒன்றை அமைத்து, அவரவர் தருவதாக எழுதிக் கையொப்பமிட்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். கையில் பணம் இல்லாத கேரி தம் நூல் விற்பனையில் வருவதைத் தருவதாகச் சொன்னார். ஸ்டாட்டன் என்ற இளம் மாணவர் அரை கினி எழுதினார். செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர். 1815இல் இறக்கும்வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். நிதி திரட்ட ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஐந்து முறை சென்றார். லண்டனில் கதவு கதவாக ஏறி இறங்கிக் கிடைத்தது மிகக் குறைவாயிருந்தபோது, தம் கண்ணீரைப் பிறர் காணாதிருக்கப் பெருந்தெருவை விட்டுச் சந்துகளில் நடந்தார் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கேரியின் பெயரை அறிந்த நூறு பேரில் ஒருவருக்கேனும் ஃபுல்லரின் பெயர் தெரியுமா என்பது ஐயமே. இந்தியாவில் நடந்த ஒவ்வொரு பணிக்கும் பின்னால் அந்த மனிதரின் நடை இருக்கிறது.

கேரியின் மனைவி டாரத்தியைப் பற்றித் தனியாக ஓர் அமர்வு வேண்டும் என்று நமது மகளிர் பிரிவினர் கேட்டது மிகச் சரியான கோரிக்கை. திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரியாமல் குறியிட்டவர் அவர். அச்சங்கத்தின் பணிக்காகக் கேரி இந்தியா செல்ல முடிவெடுத்தபோது, உடன்செல்ல முதலில் மறுத்தார். பின்னர் தங்கை உடன்வர இசைந்தார். 1793 ஜூன் 13ஆம் நாள் டென்மார்க் கப்பலொன்றில் குடும்பம் புறப்பட்டது. வங்காளத்தில் மகன் பீட்டரைப் பறிகொடுத்தார். அதன்பின் மனநோய்க்கு ஆளாகி, 1807இல் செராம்பூரில் இறக்கும்வரை அதிலிருந்து மீளவில்லை. ஒருவரின் உறுதிக்கு இன்னொருவர் செலுத்திய விலையைச் சொல்லாத வரலாறு குறைவரலாறு என்று அன்று சகோதரி ஒருவர் கூறியதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்துள்ளேன்.

கேரி போகப்போகிறார் என்று தெரிந்தபோது ஹார்வி லேன் சபையார் கலங்கினர். மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் இடிந்து கிடந்த சபையை நிமிர்த்திய போதகரை அவர்கள் இழக்க வேண்டியிருந்தது. ஆயினும், நற்செய்தி எங்கும் பரவ வேண்டும் என்று இத்தனை நாள் மன்றாடிவிட்டு, அதற்கான முதல் தியாகத்தைக் கடவுள் நம்மிடம் கேட்கும்போது மறுப்பது எப்படி என்று அவர்களுள் ஒருவர் சொல்லவே, சபை இணங்கியது. கேரியைப் போற்றுகிறோம், அவரை விட்டுக்கொடுத்த அந்தப் பெயரறியா நெசவாளர்களையும் சேர்த்துப் போற்றுவதே முறை.

1807இல் அச்சபைக்குப் போதகராக வந்தவர் ராபர்ட் ஹால். லெஸ்டருக்குத் தெற்கே உள்ள ஆர்ன்ஸ்பி சிற்றூரில் போதகராயிருந்தவரின் பதினான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தை எழுதிய சிறுநூல் ஒன்றுதான் இளம் கேரிக்கு வழிதெளிவித்தது; மகன் கேரி நின்ற மேடையில் நின்றார். கேம்பிரிட்ஜில் மனநோயால் இருமுறை தாக்குண்டு ஊழியத்தைத் துறந்தவரை இந்தச் சிறு சபை அழைத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாங்கியது. இளமையிலிருந்தே தீராத முதுகுவலி. பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டுதான் வாசிப்பார். அபின் கலந்த மருந்தைப் பேரளவில் உட்கொண்டே பிரசங்கித்தார். ஆனாலும் அவர் பேச்சைக் கேட்க வந்த கூட்டத்தால் ஆலயத்தை இருமுறை விரிவாக்க வேண்டியிருந்தது. அறுபது வயதைக் கடந்த பிறகு, மெக்காலே தம் கட்டுரையில் மில்டனையும் தாந்தேயையும் ஒப்பிட்டிருந்தது சரிதானா என்று பார்ப்பதற்காக, இலக்கணத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தரையில் படுத்தபடி இத்தாலியம் கற்றார். இந்தியர்கள் நன்கறிந்த அந்த மெக்காலே பிறந்ததும் இந்நகருக்கு அருகிலுள்ள ராத்லியில்தான்.

ஹாலைப் பற்றிய அமர்வே இவ்வாண்டின் சிறந்த அமர்வு என்று துணிந்து சொல்வேன். லெஸ்டரின் காலுறை நெய்யும் தொழிலாளர்களின் கூலி அடிமட்டத்துக்குச் சரிந்தபோது, அவர்கள் வாரந்தோறும் சிறு தொகை சேர்த்து, வேலையற்றோரைக் காக்கவும், அதன்வழி குறைந்த கூலிக்கு எவரும் உழைக்க நேராதிருக்கவும் ஒரு நிதி அமைத்தனர். அந்நிதிக்கு ஆதரவாக ஹால் பொதுமக்களுக்கு வேண்டுகோள் எழுதினார். ஏழைகளுக்காக எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் காபெட்டே அத்திட்டத்தை எதிர்த்தபோது, 1821இல் அவருக்கும் மறுமொழி எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1813இல் புதுப்பிக்கப்படவிருந்த வேளையிலும் இந்தியாவில் சமயப் பணிக்குத் தடையிருக்கக்கூடாது என்று எழுதினார். 1826இல் பிரிஸ்டலுக்குச் சென்று, 1831இல் அங்கே மறைந்தார். டி மான்ட்ஃபோர்ட் சதுக்கத்தில் நாம் நாள்தோறும் கடந்துபோகும் சிலை அவருடையது, 1871இல் நிறுவப்பட்டது. அது யாருடையது என்று வாசிப்புத் தொடங்கும் முன் நம்மில் எவருக்கும் தெரியாது.

1827இல் வந்த ஜேம்ஸ் மர்செல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போதகராயிருந்தார். ஆராதனைக்கே போகாத அரசுத் திருச்சபைக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, சிறைவாசம் வரை சென்ற லெஸ்டர்க் கடைக்காரர் ஒருவரின் வழக்கு நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. லெஸ்டரில் வேறொரு சபையின் போதகராயிருந்த எட்வர்ட் மயாலுடன் சேர்ந்து 1841இல் இதற்கென வார இதழ் ஒன்று தொடங்குவதில் மர்செல் முன்நின்றார். கட்டாய வரி 1868இல் ஒழிந்தது. 1845இல் சபை பீவர் தெருவில் ஜோசப் ஹான்சம் வடிவமைத்த வட்டமான புதிய ஆலயத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்த வடிவத்துக்காக ஊரார் அதைப் பன்றியிறைச்சிப் பணியாரத்தின் பெயரால் அழைத்தனர். இன்று அது முதியோர் கல்வி நிலையத்தின் பகுதி. நமது உறுப்பினர் சிலர் ஆங்கில வகுப்புக்குச் சென்ற கட்டடம் அது என்பதை அறிந்தபோது அடைந்த வியப்பு கொஞ்சமன்று. ஹார்வி லேனில் கேரி குடியிருந்த வீடோ 1960களின் இறுதியில் சாலைப் பணிக்காக இடிக்கப்பட்டுவிட்டது.

இத்தனைக்கும் பிறகு வருகையைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. ஹார்வி லேன் இருந்த இடத்தில் தொடங்கி டி மான்ட்ஃபோர்ட் சதுக்கம் வரை ஏற்பாடு செய்த நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. பலருக்கு வேலைமுறை மாறிவிடுகிறது, பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது என்பதை நான் அறிவேன், அவர்களைக் குறைகூறவில்லை. ஆனால் வர இயலாது என்று ஒரு வரி எழுதியனுப்ப இயலாத நிலை எவருக்கும் இருக்க முடியாது. உணவுக்குச் சொல்லிவைத்த தொகை வீணானது மட்டுமல்ல, பாடுபட்டு ஏற்பாடு செய்தவர்களின் மனமும் சோர்ந்தது. பொங்கல் விழாவில் இருக்கை போதாத அளவுக்குக் கூடும் நாம், வாசிப்பு அமர்வில் முதல் வரிசையையே நிரப்பாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

சந்தா நிலை அதைவிடக் கவலைக்குரியது. பதிவேட்டில் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டின் நிலுவையும் உண்டு. நினைவூட்டல்கள் முறைப்படி அனுப்பப்பட்டன. கேட்டவுடன் கொடுத்தவர்களில் பலர் மிகக் குறைந்த வருவாய் உடையவர்கள் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் பதிவுசெய்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே அளிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைவிடக் குறைந்தது, மண்டப வாடகை உயர்ந்தது, ஆண்டு முடிவில் கையிருப்பு சிறிதளவே உள்ளது, கடன் இல்லை. ஹார்வி லேன் குறித்த தமிழ்ச் சிறுநூலை அச்சிட்ட செலவு வரம்பு மீறியது என்ற பேச்சு எழுந்ததால் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். அச்சுச் செலவு செயற்குழுவின் ஒப்புதலோடு செய்யப்பட்டது. அதில் ஒரு பகுதியை நன்கொடையாளர் இருவர் ஏற்றனர். மீதமுள்ள படிகள் விற்றால் சங்கத்துக்கு இழப்பு ஏதும் நேராது. படிகள் இன்று வாசல் மேசையில் கிடைக்கும். இந்நகரின் இந்தப் பகுதி வரலாற்றைத் தம் பாட்டன் பாட்டி தம் மொழியில் வாசித்தார்கள் என்று நம் பிள்ளைகள் ஒருநாள் அறிந்தால், அச்செலவு நியாயமானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், மகளிர் பிரிவினர், தமிழ் வகுப்பு ஆசிரியர்கள், மண்டபப் பொறுப்பாளர், தேநீர் தந்து உதவியோர், மெய்ப்புத் திருத்திய ஐயா, படங்களைத் தந்த தம்பி ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். இப்போதைய வரவில் மண்டபத்தை ஆண்டு முழுவதும் வைத்திருக்க இயலாது. சந்தாவை உயர்த்துவது தவறாமல் கொடுப்பவர்கள்மீதே சுமையை ஏற்றும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. அதற்கு மாறாக, 1790இல் ஹார்வி லேன் சபை செய்ததை ஒட்டி, இப்போதைய உறுப்பினர் பதிவேட்டை இவ்வாண்டு இறுதியில் மூடிவிட்டு, சங்கத்தின் நோக்கங்களையும் உறுப்பினர் கடமைகளையும் ஒரு பக்கத்தில் எழுதி, அதில் கையொப்பமிட்டு முதல் காலாண்டுச் சந்தாவைச் செலுத்துவோரைக் கொண்டு புதிய பதிவேட்டைத் திறக்கலாம் என்று முன்மொழிகிறேன். மாதந்தோறும் சிறு தொகையாகச் செலுத்தும் வசதியும் செய்து தரப்படும். செலுத்த இயலாத நிலையில் இருப்பவர் பொருளாளரிடம் தனியாகச் சொன்னால் போதும், அவர் பெயர் நீக்கப்படாது. எவரையும் வெளியேற்றும் எண்ணம் இதில் இல்லை. ஐந்து பெயர்களே வந்தாலும் அந்த ஐவரோடு சங்கம் நடக்கும்.

செயலாளர் பொறுப்பை நான் தொடர வேண்டும் என்று சிலர் கேட்டுள்ளார்கள். இப்பொறுப்பை ஏற்க இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைத்து அவருக்குத் துணைநிற்பேன். எவரும் முன்வராவிடில், உதவிச் செயலாளர் ஒருவரும் வருகைப் பதிவைக் கவனிக்க ஒருவரும் நியமிக்கப்பட்டால் மட்டுமே தொடர இசைகிறேன். அடுத்த ஆண்டின் வாசிப்புக்கு, இந்நகரின் காலுறை நெசவாளர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு கருதுகிறது. அதற்கான முதல் அமர்வின் நாளும் இடமும் மண்டப வாடகை உறுதியானவுடன் அறிவிக்கப்படும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும், பதிவேடு குறித்த முன்மொழிவை இன்றே வாக்கெடுப்புக்கு விடுமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கையொப்பத் தாளும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் பொருளாளரிடம் உள்ளன.

பணிவுடன்,
செயலாளர்